பத்தொன்பது மார்க் வாங்கிய கைநாட்டு

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ரெகார்டு நோட்டை வேகவேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், ஒரு பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்தப் பக்கத்தில் நான் ஒரு மனுவைக் கோந்து போட்டு ஒட்டியிருந்தேன். மனுவின் அடியில் ஊதா மையில் ஒரு கைநாட்டு. அதை ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒரிஜினலா?”

“ஒரிஜினல்தான் சார்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் லெக்சரரிடம் தெலுங்கில் சொன்னார், இந்த வருஷம் திருப்பதியில் தான் பார்த்த முதல் உண்மையான கட்சிக்காரி இவள்தான் என்று. லெக்சரர் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்கள். வெளியே வந்து கேன்டீனில் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைத் தொடரில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகத்தான் காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏழைகளுக்காக வாதாடியது, நீதிபதியிடம் துணிந்து பேசியது என்று. வாசகர்களும் பாராட்டிக் கடிதம் போடுகிறார்கள். இந்த வாரம் அப்படி எழுத வழியில்லை. எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்று இரண்டு தடவை வேறு கட்டுரையை ஆரம்பித்துப் பார்த்தேன். கை ஓடவில்லை.

ஜெராக்ஸ் கடை ராமையா

சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் செய்முறைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. டாக்டருக்குப் படிக்கிறவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, நாங்கள் ஒரு வக்கீலிடம் சில வாரம் போய் உட்கார வேண்டும். கட்சிக்காரர்களைப் பார்த்துப் பேச வேண்டும். அவர்களுக்கு மனு எழுதிப் பழக வேண்டும். எல்லாவற்றையும் ஒரு தடித்த நோட்டில் எழுதி, அட்டை போட்டுக் கொண்டுவந்தால் மார்க்.

எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எந்த வக்கீல் ஆபீஸ் வாசலையும் மிதித்ததில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் போன வருஷத்து ரெகார்டுகள் கிடைக்கும். மொட்டை போட்ட யாத்திரீகர்கள் ஒரு பக்கம் எஸ்.டி.டி. பூத்தில் ஊருக்குப் பேசிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் எங்கள் பையன்கள் நின்று காப்பி எடுப்பார்கள். அதில் வரும் கட்சிக்காரர் பெயர் எப்போதும் ராமையா. எதிர்க்கட்சி சுப்பையா. வரப்புத் தகராறு. பத்து வருஷமாக அந்த ராமையா ஒரே வரப்புக்காக அழுதுகொண்டிருந்தார்.

எனக்கு அவர்களைப் பார்த்தால் ஏளனம். நான் சித்தூரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று வளர்க்கப்பட்டவன். நான் நிஜமாகவே செய்வேன், நிஜமான ஆளைப் பார்ப்பேன் என்று ஹாஸ்டலில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது யோசித்தால் அந்த ஜெராக்ஸ் கோஷ்டியால் உலகத்தில் ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. ராமையாவின் நிலம் அவரிடமேதான் இருந்தது.

சீனியர் அனுப்பிய கட்சிக்காரி

நான் போய்ச் சேர்ந்தது சித்தூரில் ஒரு தெலுங்கு சீனியரிடம். நல்ல மனுஷர், கேஸ் அதிகம், பொறுமை குறைவு. மாங்காய் சீசன். ஊர் முழுக்க மாம்பழக் கூழ் எடுக்கிற பல்ப் பாக்டரிகளிலிருந்து பழம் வெந்த வாசனை வரும். கோர்ட்டுக்குள் அதே வாசனை, கட்டுக்கட்டாக இருக்கும் ஃபைல்களில் கூட.

எல்லைப்பக்கத்துத் தமிழ் ஊர்களிலிருந்து வருகிறவர்களை சீனியர் என்னிடம் தள்ளிவிடுவார். அப்படித்தான் கன்னியம்மா வந்தாள். குப்பம் ரோட்டில் பலமநேருக்கு அப்பால் ஒரு கிராமம். முப்பத்தெட்டு, நாற்பது வயதிருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதிலிருந்து தெலுங்கில் டைப் அடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

“இதுல இன்னா போட்டுக்கீதுன்னு எங்கூர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ படிச்சி சொல்லு நைனா.”

படித்தேன். அவள் பெயரில் அரசாங்கம் கொடுத்திருந்த இரண்டு ஏக்கர் பட்டாவை மண்டல வருவாய் ஆபீஸில் ரத்து செய்திருந்தார்கள். நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கிற அந்த மாதிரி நிலத்தை விற்கக் கூடாது. அவள் விற்றுவிட்டாளாம். அக்ரிமெண்டில் கைநாட்டு இருக்கிறதாம்.

“வித்தீங்களா அக்கா?”

“விக்கல.”

“கைநாட்டு?”

என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு சொன்னாள். புருஷன் பெங்களூரில் பெரிய பெரிய கட்டடங்களுக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன். மாடியிலிருந்து விழுந்துவிட்டான். பிணத்தைக் கொண்டுவர வண்டி இல்லை. நிலத்துக்குப் பக்கத்தில் கிரானைட் குவாரி எடுத்திருந்த கான்ட்ராக்டர் தன் ஜீப்பை அனுப்பினார். ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய ஆள் ஒரு காகிதத்தை நீட்டி, பிணத்தை வாங்கக் கைநாட்டு வேண்டும் என்றான்.

“அவுரு துணி சுத்தி கெடந்தாரு. எதுல வெக்கச் சொன்னாலும் வெச்சிருப்பேன்.”

அடுத்த மாதமே அந்தக் காகிதம் நிலம் விற்ற காகிதமாக மாறியிருந்தது. பட்டா ரத்தானால் நிலம் சர்க்காருக்குத் திரும்பும், குவாரிக்குக் குத்தகை கேட்கலாம். பணம் வாங்கிக்கொண்டுதான் விற்றாள், இப்போது அழுகிறாள் என்று ஊரில் பேச்சு. அதைக் காட்டிலும் பெரிய வேதனை வேறு. அவளுக்கு ஒரே மகன், செல்வம். அப்பன் செத்ததும் அவனும் பெங்களூருக்கே வேலைக்குப் போய்விட்டான். அவனிடமும் யாரோ சொல்லிவிட்டார்கள்.

“அப்பன் பொணம் ஊட்டுல கெடக்க சொல்லவே நெலத்த வித்துட்டியான்னு கேக்கறான் நைனா. கோர்ட்டுல சொல்லட்டும், அப்பறம் நம்பறேன்றான். நெலம் வந்தா சந்தோசம். நான் விக்கலன்னு அவங்க ஒரு வார்த்த சொல்லிட்டா போதும் எனக்கு.”

சீனியரிடம் சொன்னேன். மேல் அதிகாரியிடம் அப்பீல் போடலாம், அவளுக்கு அதுவும் கோர்ட்டுதான், கெடு முடிய இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

படித்துக் காட்டி வாங்கியது

நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மனு நான் எழுதியதில்லை, இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. டைப் அடித்து வைத்துக்கொண்டு அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தாள். மை தடவும் டப்பாவைத் திறந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“இது இன்னா பேப்பரு?”

எனக்கு முகம் சுருங்கிப் போனது. பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். பிணத்தை வாங்கப் போன இடம் வந்தபோது அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடித்ததும் கட்டைவிரலைத் தானே மையில் தோய்த்து, அழுத்தி வைத்தாள்.

“படிச்சி காட்டி வாங்கினவன் நீ ஒருத்தன்தான்,” என்றாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, அன்றைக்கே அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்திருக்கலாம். நடந்து போகிற தூரம்தான்.

கொடுக்கவில்லை. காரணம், அந்த வாரம் கல்லூரியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஜெராக்ஸ் கடை விவகாரம் பிரின்ஸிபால் காதுக்குப் போய்விட்டது. இனிமேல் ரெகார்டில் நகல் ஒட்டினால் மார்க் கிடையாது, கட்சிக்காரர் கையெழுத்துள்ள அசல் காகிதம் வேண்டும். தேர்வு பத்து நாளில். நான் கணக்குப் போட்டேன். தேர்வு முடிந்ததும் மனுவை உரித்தெடுத்து ஆபீஸில் கொடுத்தால் கெடுவுக்குள் வந்துவிடும். கோந்தைக் கூட ஓரத்தில் மட்டும் தடவினேன், சுலபமாக உரிய வேண்டுமென்று. அத்தனை முன்யோசனை எனக்கு.

இன்னொரு பிரதியில் கைநாட்டு வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. மை டப்பா திறந்துதான் இருந்தது. அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தோன்றவில்லை.

நோட்டுகளை முன்கூட்டியே வாங்கி டிபார்ட்மென்ட் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். தேர்வாளர் வரவில்லை, தேதி தள்ளிப் போனது. மறுபடியும் தள்ளிப் போனது. சாவி லெக்சரரிடம் இருந்தது. போய், “சார், அதில் ஒரு நிஜ மனு இருக்கிறது, கெடு முடியப்போகிறது” என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால், அசலை ஏன் ஒட்டினாய் என்பார், என் ரெகார்டைத் தள்ளிவிடுவார் என்று பயம். அவள் ஊருக்குப் போய்ப் புதிதாகக் கைநாட்டு வாங்கி வரலாமே என்றும் ஒரு நாள் நினைத்தேன். அதற்குள் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பத்திரம் தயார் செய்கிற ஒரு பெரிய வக்கீல் ஆபீஸில் இன்டர்வியூ. அப்போது எங்கள் எல்லாருக்கும் அதுதான் கனவு. ஏ.சி. அறை, கம்ப்யூட்டர், டை.

பெங்களூர் பஸ் சித்தூரைத் தாண்டி பலமநேரில் நின்றது. குப்பம் ரோடு பிரிகிற இடம் ஜன்னலிலிருந்து தெரிந்தது. அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் கன்னியம்மாவின் ஊர். புதுச் சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவன் வந்தான். வாங்கித் தின்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் மட்டும் என்ன.

திரும்பி வந்ததும் சீனியர் ஒரு தடவை ஞாபகமாகக் கேட்டார், “அப்பீலு வேசாவா?” போட்டாயா என்று. அவருடைய கையெழுத்து அந்த மனுவில் இருக்கிறது. “வேசானண்டி,” என்றேன். போட்டுவிட்டேனாம். நாக்கு அழுகவில்லை.

முதலில் சொன்னேனே, தேர்வாளர் கைநாட்டைத் தடவிப் பார்த்தாரே, அன்றைக்குக் கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சிரித்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன்.

படிச்சாங்களா?

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். நான் காரணத்தை எழுதத் தயாராக இல்லை.

எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வோம். அதில் ஒரு சௌகரியம் உண்டு. நூறு பேர் ஒரே குரலில் சொல்லும்போது இன்னாருடைய பாவம் இன்னது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குரலுக்குள் நின்றுகொண்டு பல ஞாயிறுகளை ஓட்டினேன்.

ஆறேழு மாதம் கழித்து அவளே கோர்ட்டுக்கு வந்தாள். ஸ்டாம்ப் விற்கிறவரின் மேஜை ஓரமாக நின்றிருந்தாள். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வேறு வழியாகப் போய்விடலாமா என்று நினைக்கும்போதே அவளும் பார்த்துவிட்டாள். என்னவாயிற்று என்று அவள் கேட்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“தள்ளுபடி ஆயிடுச்சிக்கா.”

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. “நீ எழுதினத படிச்சாங்களா நைனா?” என்று மட்டும் கேட்டாள்.

“படிச்சாங்க.”

“எல்லாத்தையுமா? பொணம் வாங்கப் போனதையும்?”

“எல்லாத்தையும்.”

“படிச்சுமா நான் வித்தேன்னுட்டாங்க?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என் தோளைத் தொட்டு, “நீ இன்னா பண்ணுவ. நீ நல்லாத்தான் எழுதின,” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.  

பல்ப் பாக்டரியில்

வருஷங்கள் போயின. நான் சித்தூரிலேயே வக்கீலானேன். பெயர் கொஞ்சம் வந்தது. சட்டக் கல்லூரியிலிருந்து மாணவர்களைப் பயிற்சிக்கு என்னிடம் அனுப்ப ஆரம்பித்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் போடுவேன். போன மாங்காய் சீசனில் ஒரு பல்ப் பாக்டரியில், மத்தியான சாப்பாட்டு நேரத்தில், பெண் தொழிலாளிகளுக்கு ஒரு கூட்டம்.

பேசி முடித்ததும் ஒருத்தி எழுந்து வந்தாள். முடி வெளுத்திருந்தது. பழம் அரிந்து அரிந்து விரல்களெல்லாம் கறுத்துப் போயிருந்தன. எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

“நைனா, நான் கன்னிம்மா.” பிறகு மற்றப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள், “நான் சொல்லிக்கினே இருப்பேனே, எனக்காக அப்பீலு எழுதின புள்ளன்னு. இவுருதான். இவுரு மேல ஒரு தப்பும் இல்ல. கோர்ட்டுதான் கண்ண தொறக்கல.”

பெண்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. என்னோடு வந்திருந்த மாணவி ஒருத்தி, மதனப்பள்ளிப் பெண், படு கெட்டிக்காரி, எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறவள், பேனாவைத் திறந்தாள்.

“சார், இதை ரெகார்டில் எழுதிக்கலாமா? எந்தக் காரணத்தைச் சொல்லி டிஸ்மிஸ் பண்ணினாங்க?”

நியாயமான கேள்வி. நல்ல பயிற்சி பெற்ற மாணவி கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான், நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கன்னியம்மாவும் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் அந்தக் காரணம் வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்ல என்னால் முடியும். அரை நிமிஷம் போதும், தொழிலே அதுதானே. நாக்கு வரைக்கும் வந்தது.

“டிஸ்மிஸ் ஆகலம்மா,” என்றேன். “நான் போடவே இல்ல. மார்க்குக்காக நோட்டுல ஒட்டிட்டேன். கெடு முடிஞ்சிடுச்சி. அப்பறம் அக்காகிட்ட பொய் சொல்லிட்டேன்.”

மாணவியின் பேனா நின்றுவிட்டது. கன்னியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை, அவள் பாஷையில், மெதுவாகச் சொன்னேன்.

“அப்போ யாரும் படிக்கல?”

“இல்லக்கா.”

“நான் வித்தேன்னு கோர்ட்டு சொல்லல?”

“சொல்லல. கோர்ட்டுல யாருமே சொல்லல. நான்தான் சொன்னேன்.”

காலில் விழுந்திருப்பேன், அவள் விடவில்லை, ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள். நிலத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இப்போது நாலு பனை ஆழத்துக்குக் குவாரிப் பள்ளம், தண்ணீர் நிற்கிறது. அதைத் திரும்ப வாங்கிக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

“எம்புள்ள எங்கூட ஒக்காந்து சோறு துன்னு எத்தினி வருசமாவுது தெரியுமா?” என்றாள். குரல் ஏறவில்லை. “கோர்ட்டே சொல்லிடுச்சேன்னு அவன் கல்யாணத்துக்கு வராதன்னான். பேரப்பிள்ளைய போட்டோவுல பாத்துக்கினு கீறேன்.”

பிறகு இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். கூட இருந்த பெண்ணிடம் செல்போனை வாங்கி, எண்களைப் பார்க்காமலே அழுத்தினாள். மகனுக்கு அடிக்காத நாளில்லை என்பது அந்த விரல்களில் தெரிந்தது, அவன் எடுக்காத நாட்களும். வேறு நம்பராக இருந்ததால் எடுத்துவிட்டான் போலிருக்கிறது.  போனை என் கையில் வைத்தாள்.

“சொல்லு,” என்றாள்.

என் பெயரைச் சொன்னேன். எந்த ஊர், என்ன தொழில் என்று சொன்னேன். மனு, நோட்டு, பத்தொன்பது மார்க், எதையும் விடவில்லை. உங்க அம்மா நிலத்தை விற்கவில்லை, கோர்ட்டு அப்படிச் சொல்லவே இல்லை என்று மூன்று தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் எங்கேயோ டைல்ஸ் அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

“இவ்ளோ வருசமா எங்க இருந்தீங்க சார்?” என்று கேட்டான்.

“சித்தூர்லதாம்பா.”

 யாரிடமோ வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவன் வெளியே நடக்கிற சத்தம் கேட்டது.

“அம்மா பக்கத்துல கீறாங்களா?”

“இருக்காங்க.”

“அவங்ககிட்ட குடுங்க.”

கொடுத்தேன்.